கம்பளிக்குள் அண்ணி

எங்கள் வீட்டில் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை. எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் மூக்கருகே கொண்டுபோனால் கொஞ்சம் பெட்ரோல் வாசனையும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இன்னும் அடிக்கும். ஏற்காட்டுக் குளிரில் விருந்தாளிக்குக் கொடுக்க லாயக்கில்லாத கம்பளி. ஆனாலும் அதைத் தூக்கிப்போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வந்ததில்லை. அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வந்து நிற்பது அவர் முகம் அல்ல, அந்தக் கம்பளிதான். நல்ல உச்சி வெயில். காரின் பானெட் திறந்திருக்கிறது. அதன்மேல் கம்பளி கூடாரம் மாதிரி தொங்குகிறது. கீழே ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வருகிறது: "இன்னுங் கொஞ்சம் மிதிங்க தம்பி. ஆங், அப்பிடியே புடிங்க."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். அந்த வழியாகத் தலையில் வாழைத்தாரோடு போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, காருக்கு ஆவி புடிக்கறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, நொம்ப நாளா இருமலு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். உள்ளே இருந்த கால்கள் அசையவில்லை. அன்றைக்கு அண்ணிக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. அந்தக் கார் அவரிடம் இருக்குமா, போகுமா என்பதும், காரோடு சேர்ந்து அவருடைய வேலை இருக்குமா, போகுமா என்பதும் அந்தக் கம்பளிக்குள்தான் முடிவாக வேண்டியிருந்தது.

அண்ணி சேலத்துச் சமவெளிப் பெண். அண்ணனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தபோது நர்ஸ் வேலையையும் டிரைவிங் லைசென்ஸையும் கூடவே கொண்டுவந்தார். வேலையைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். லைசென்ஸ்தான் புதுச் செய்தி. அப்பா அதைக் கையில் வாங்கி, கள்ள நோட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா ஓர் எஸ்டேட் முதலாளியிடம் வாழ்நாள் முழுக்க டிரைவராக இருந்தவர். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுப் பட்டணத்துக்குப் போனபோது, அத்தனை காலம் அப்பா ஓட்டிய அந்த வெள்ளைக் காரை அவரிடமே விட்டுப் போனார். அப்போதே அது பழைய கார்தான். எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் இரண்டு பிள்ளைகள் என்று சொல்வார்கள். உண்மையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது பிள்ளை கொட்டகையில் நின்றது. செல்லமெல்லாம் அதற்குத்தான்.

அண்ணியின் ஆஸ்பத்திரி, அடிவாரம் தாண்டிச் சேலம் போகும் வழியில் இருந்தது. பிரசவ வார்டில் காலை ஷிப்ட். எங்கள் வீடோ கிளியூர்ப் பக்கத்துச் சரிவில். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்கே ஓர் ஏற்றம் ஏறியாக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாலும், ராத்திரி ஷிப்ட் நர்ஸ் வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமாகிவிடும். வேறு வழியில்லாமல்தான் அப்பா காரைக் கொடுத்தார். கொடுத்தவர், ரொம்ப நாளைக்குப் பக்கத்து சீட்டில் தானும் ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிக்கும். அண்ணி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். கடைசியில் அப்பாவுக்கே கால் வலித்து, ஒருநாள் ஏறாமல் நின்றுவிட்டார். அன்றிலிருந்து கார் அண்ணியுடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அப்பா அப்படி நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா காரைக் கழுவித் துடைப்பார். பிறகு பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். முன்கண்ணாடி, ஸ்டியரிங், நாலு சக்கரம். ஆயுத பூஜை என்றால் பானெட்டைத் திறந்து உள்ளேயும் வைப்பார். உள்ளே எங்கே எங்கே என்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு. மெக்கானிக்குகள் அதை டெல்கோ மூடி என்பார்கள். எஞ்சினின் நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புகிற இடம் அதுதான். "வண்டிக்கு உசுரு இங்கதான் இருக்குது" என்று சொல்லி, தாராளமாக ஒரு கட்டைவிரல் சந்தனத்தை அதன் தலையில் அப்புவார். அதில் தவறென்ன? மலையேறுகிற வண்டி எதைத் திறந்தாலும் உள்ளே மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். இந்த ஊரில் அது வழக்கம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து, ஐப்பசி மழை பிடித்தபோது காருக்கு நோய் வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும். கொட்டகையை விட்டு வெளியே வந்து ஏற்றத்தில் காலை வைத்ததும் ஒரு துடிப்பை விழுங்கும். கொஞ்ச நேரம் சரியாக ஓடி, மறுபடி ஒன்றை விழுங்கும். நாலு பேர் தூக்கிப் போகும் சப்பரத்தில் ஒருவன் தோளை நழுவவிட்டால் எப்படி ஆடும், அப்படி வண்டி முழுக்க உலுக்கும். பின்னால் சைலன்ஸரில் டப்பென்று வெடி வைக்கும். மெக்கானிக் பாஷையில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். தட்டுத் தடுமாறி ஊருக்குள் ஏறி, மலைப்பாதையில் இறங்கும்போது வளைவுகளில் அணைந்து அணைந்து போகும். பாதி மலை இறங்கினால் தானாகவே சரியாகிவிடும். அடிவாரத்தில் போய் நிற்கும்போது, ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கொண்டை ஊசி வளைவொன்றின் நட்டநடுவில் கார் அணைந்துவிட்டது. பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது. கீழேயிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறிவந்த பஸ், அரையடி இடைவெளியில் நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் காரை ஓரத்துக்குத் தள்ளினார்களாம். தள்ளிக்கொண்டே பேசவும் செய்தார்களாம். பொம்பளைங்களுக்கு எதுக்கு மலைரோட்டுல காரு என்று கண்டக்டர் கேட்டது மட்டும்தான் அண்ணி எங்களிடம் சொன்னது. மற்றதை அவர் சொல்லவில்லை. அன்று வார்டுக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. தலைமை நர்ஸ், இப்படியே போனால் காலை ஷிப்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அப்பா காரைச் சோதித்துப் பார்த்தார். எப்போது? மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் வந்து, தரை காய்ந்த பிறகு. ஏரியைச் சுற்றி ஒரு சுற்று, கோயில் மேடு வரை ஓர் ஏற்றம். எஞ்சின் ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. "எங்கிட்ட ஒழுங்காத்தானே ஓடுது!" என்றார். அந்த 'எங்கிட்ட'வில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். பிறகு அடிவாரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் பிளக்குகளை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மூடியை அப்படியே திருப்பி மாட்டினார். அதன் தலையிலிருந்த சந்தனத்தை அவர் தொடவில்லை. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க இந்தப் பக்கத்தில் எந்த மெக்கானிக்குக்கும் கை வராது. எல்லாம் முடிந்து, "வண்டில ஒண்ணுமில்லீங்க. சோக்கை இழுத்துவுட்டுட்டு உள்ள தள்ள மறந்துருப்பாங்க. லேடீஸு ஓட்டுனா அப்பிடித்தான்" என்று சிரித்தாராம். சோக் என்பது குளிரில் ஸ்டார்ட் செய்ய வெளியே இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் உள்ளே தள்ள வேண்டிய பிடி. அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். வந்து அதை எங்களிடம் சொல்லவும் செய்தார்.

அண்ணன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஊர்க் காப்பிக்கொட்டை முழுவதுக்கும் நியாயம் சொல்வார். வீட்டு நியாயம் வந்தால் மட்டும் சாப்பாட்டுத் தட்டைக் கூர்ந்து பார்ப்பார். அன்றும் அதைத்தான் செய்தார்.

வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்று அப்பா முடிவு செய்தார். எலுமிச்சம்பழம் மாறியது, கயிறு மாறியது. ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்த பானெட் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திறந்தது. பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. கார் மோசமானது. மோசமாக ஆக ஆக, அப்பாவின் பக்தியும் கூடியது. கார்த்திகை முடிவதற்குள் அவர் பேசிவிட்டார். குப்பனூரில் ஒருவர் ரொம்ப நாளாகக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் அவரிடம் கொடுத்துவிடலாம். "நீயும் எதுக்கு அம்மிணி இந்தக் குளுருல தெனமும் ஏறி எறங்கிட்டு? ஊட்டுல இருந்தா ஆகாதா?" அப்பா இதை அன்பாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் யாராவது பதில் சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அண்ணி, காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே போனேன். கண்கள் சிவந்திருந்தன. "நாலு வருஷமா ஒரு நாளு கூட சோக்கை நான் மறந்ததில்லீங்க தம்பி. ஒரு புள்ளைக்குப் பொக்குளுக்கொடி கட்ட மறப்பனா? அப்பிடித்தான் இதுவும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, நேராக அப்பாவிடம் போய், "மாமா, தை வரைக்கும்கூட வேண்டாங்க. எனக்கு லீவு வர்ற வரைக்கும் டைம் குடுங்க, போதும்" என்றார். அப்பாவுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு அண்ணிமேல் ஒரு பிரமிப்பே வந்தது. அவருக்கு எஞ்சின் தெரியாது. நோயாளியைத் தெரியும். வார்டில் வந்து படுக்கிறவர்களிடம் என்ன கேட்பாரோ அதையே கார் விஷயத்தில் எல்லோரிடமும் கேட்டார். எப்போது ஆரம்பித்தது? எந்த வேளையில் வருகிறது? அதற்கு முன்பு என்ன சாப்பிட்டது? அப்பாவிடம், "மாமா, நீங்க ஓட்டுனப்பல்லாம் தரை காஞ்சிருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "மழையில எவன் வண்டிய வெளிய எடுப்பான், பாலிஷு போயிருமே" என்று அப்பா எரிந்து விழுந்தார். அண்ணி தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். பனி இல்லாத அபூர்வமான ஒரு காலையில் கார் அவரிடமும் ஒழுங்காக ஓடியது. அன்று வீடு திரும்பியதும் என்னிடம் சொன்னார்: "தம்பி, நோவு என்னோட காலுல இல்ல. ஈரத்துல இருக்குது."

ஈரம் எங்கே புகுகிறது என்பதைக் காலைப் பனியில் கண்டுபிடிக்க முடியாது. அப்போது எல்லாமே நனைந்திருக்கும். அதனால் அவர் செய்தது, காய்ந்த மதியத்தில் காலையை வரவழைப்பது. நான் அப்போது ஊரில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில் ஒன்று இருந்தது. விசையை அழுத்தினால் பனி மாதிரியே தூவும். அதைக் கொண்டுவரச் சொன்னார். லீவு நாள் வந்தது. நல்லவேளையாக வெயிலும் வந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நான் எஞ்சினை ஓடவிட்டேன். அண்ணி முதலில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு மின்சாரம் அனுப்புகிற இக்னிஷன் காயிலின்மேல் தூவினார். காத்திருந்தார். ஒன்றுமில்லை. அதைத் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றின்மேலும் ஒரே அடியாக அடித்துவிடலாமே என்றேன். "ஒரே நேரத்துல ரெண்டு மருந்து குடுத்தா எது கேட்டுச்சுன்னு தெரியாதுங்க தம்பி" என்றார். பிளக் வயர்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டேயிருந்தது. கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் லேசாக ஒரு தூவல். கார் உடனே ஒரு துடிப்பை விழுங்கியது. சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது முதுகுத்தண்டில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் கம்பளி வந்தது. மின்சாரம் கசிந்தால் பொறி பறக்கும், வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது, இருட்டு வேண்டும் என்று சொல்லி, அதைப் பானெட்டின்மேல் போட்டுத் தானும் உள்ளே நுழைந்துகொண்டார். ஃபேன் பக்கம் துணி போகாமல் முனைகளை இழுத்துச் செருகிக்கொண்டார். வாழைத்தார்க்காரர் வந்து போனது அந்த நேரத்தில்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சினு ஓடட்டுங்க. நீங்க எறங்கி வந்து பாருங்க" என்றார். நான் தலையை உள்ளே விட்டேன். கன்னத்தில் சூடு அடித்தது. இருட்டில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு பார்த்தேன். மூடியில் ஒரு வயர் செருகியிருந்த இடத்திலிருந்து நீல நூல் ஒன்று புறப்பட்டு, அப்பா வைத்த சந்தனத்தின்மேல் ஊர்ந்து, மூடியைப் பிடித்திருந்த இரும்புக் கிளிப்புக்குள் போய் மறைந்தது. டிக் டிக்கென்று விட்டு விட்டு. வெள்ளிக்கு வெள்ளி ஏறிய பொட்டு கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. அதன் ஓரத்தில், நீல நூல் ஓடி ஓடிக் கருகிய கோடு. காய்ந்திருக்கும்வரை பொட்டு சும்மா இருந்திருக்கிறது. பனியைக் குடித்துவிட்டால், சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரத்துக்கு அதுவே குறுக்கு வழியாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அண்ணியின் காலைக் குறை சொன்னவரின் கட்டைவிரல்! ஓடிப்போய் அப்பாவை எழுப்பி, வாழைத்தார்க்காரரையும் திருப்பிக் கூப்பிட்டு, அண்ணனையும் எஸ்டேட்டிலிருந்து வரவழைத்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சத்தம் போடாதீங்க தம்பி. நாம ஒண்ணுஞ் சொல்லக் கூடாது."

"ஏனுங்க அண்ணி? நீங்க எதுக்குப் பயப்படணும்?"

"பயமில்லீங்க. புள்ளைக்கு ஜொரம்னு நாம சொன்னா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. அவங்க கையையே எடுத்து நெத்தியில வெச்சுட்டோம்னா பேசாம மருந்து வாங்கப் போவாங்க."

அப்பாவை அண்ணியேதான் போய் எழுப்பினார். "மாமா, எனக்கு ஒண்ணு வெளங்கல. நீங்க வந்து பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டு, நல்ல கம்பளியை எதற்குக் கெடுக்கிறீர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அண்ணி பாட்டிலை அவர் கையில் கொடுத்து, எங்கே தூவ வேண்டும் என்று மட்டும் காட்டினார். அப்பா உள்ளே போனார். இப்போது கம்பளிக்குக் கீழே அப்பாவின் கால்கள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். எஞ்சின் இருமியது. கொஞ்ச நேரத்தில் சீரானது. மறுபடி இருமியது. அப்பா உடனே வெளியே வரவில்லை. காய விட்டுப் பார்க்கிறார், மறுபடி தூவிப் பார்க்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவர் டிரைவர். ஒரு தடவை பார்த்து நம்புகிறவர் இல்லை. திடீரென்று கருகல் வாடை வந்தது. தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கம்பளியின் மூலை எஞ்சினை ஒட்டிய சூடான புகைக்குழாய்மேல் விழுந்ததைக் கவனிக்கவில்லை. நாங்கள் இழுத்து மிதித்து அணைத்தோம். அப்பா வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை, முடி குத்திட்டு நின்றது. யாரையும் பார்க்கவில்லை.

"ஆஃப் பண்ணச் சொல்லு அம்மிணி" என்றார்.

நான் சாவியைத் திருப்பினேன். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பொட்டைத் தன் கையாலேயே துடைத்தார். காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். கருகிய கோடு போகவில்லை. அது மூடிக்குள்ளேயே இறங்கியிருந்தது. அண்ணியின் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். ஜெயித்த களை ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பிரசவம் நல்லபடியாக முடிந்த பிறகு கை கழுவுகிற நர்ஸின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "மூடி புதுசு மாத்தோணுங்களா மாமா?" என்று கேட்டார். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டார். அப்பா, "மாத்தோணும்" என்றார்.

நான் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்ப் புது மூடி வாங்கிவந்தேன். மாட்டும்போது எந்த வயர் எங்கே என்று அண்ணிக்குத் தெரியவில்லை. அப்பா பக்கத்தில் வந்து நின்று, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்று எஞ்சின் பற்றுகிற வரிசையைச் சொல்லச் சொல்ல, அண்ணி செருகினார். அந்தச் சாயங்காலம் அவர்கள் இருவரும் அதிகமாகப் பேசிய வார்த்தைகள் அவைதான்.

மறுநாள் காலை எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. அண்ணி கிளம்பும்போது அப்பா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். ஹோட்டல் வேலையாகச் சேலம் போக வேண்டியிருந்ததால் நானும் பின்னால் உட்கார்ந்தேன். கார் ஏற்றத்தில் ஒரு துடிப்பைக்கூட விடாமல் ஏறியது. மலைப்பாதையில் வளைவு வளைவாக இறங்கினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து எட்டி அவருடைய வலது காலைப் பார்த்தேன். அது தரையில் சும்மா கிடந்தது.

அடிவாரத்தில் மெக்கானிக் கடை வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். கடையில் நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்தபோது இருந்தவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். மெக்கானிக், "என்னுங்க, மறுபடி மிஸ்ஸிங்குங்களா?" என்றார். அப்பா அவரை மட்டும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்தபடி சொன்னார்: "மிஸ்ஸிங்கு இல்ல. எங்க அம்மிணி கண்டுபுடிச்சுருச்சு. வண்டி மேலயும் தப்பில்ல, ஓட்டுனது மேலயும் தப்பில்ல. டெல்கோ மூடில பொட்டு வெச்சது நாந்தான்." யாரும் சிரிக்கவில்லை. டீ டம்ளரோடு நின்ற ஒரு டிரைவர் நைசாகத் தன் வண்டிப் பக்கம் போய்ப் பானெட்டைத் திறந்தார். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார். அப்பா அங்கேயே இறங்கி, பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார். குப்பனூர்க்காரருக்குக் கார் இல்லை என்று அன்றே சொல்லியனுப்பிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டைத் திறந்துகொண்டு நின்றார். விரலில் சந்தனம் எடுத்தவர் வைக்கவில்லை. அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அம்மிணி, இங்க வெக்கலாமா?" என்றார் அப்பா. ஏர் ஃபில்டரின் அகலமான மூடியைக் காட்டினார். என் நினைவுக்கு எட்டிய வரை, அப்பா யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து நன்றாகப் பார்த்து, "வெக்கலாங்க மாமா" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே இடம், அதே கேள்வி, அதே பதில். பதில் தெரிந்த கேள்வியை ஒருவர் விடாமல் கேட்பதும், மற்றவர் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தே பதில் சொல்வதும் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதைவிட மரியாதையான ஒன்றை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை என்று தோன்றிவிட்டது.

வருஷங்கள் ஓடிவிட்டன. வெள்ளைக் கார் கடைசியில் குப்பனூருக்கே போனது. ஆனால் அண்ணி தன் சம்பளத்தில் வேறு கார் வாங்கிய பிறகு, அண்ணியே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவந்த பிறகு. அவர்தான் இப்போது அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ். இந்த மலையில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை என்று கொஞ்சம் மிகையாகச் சொல்வது என் வழக்கம். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கையும் நடுங்குகிறது.

இந்த வருஷ ஆயுத பூஜை அன்று காலையில் நல்ல பனி. அப்பா அந்த ஓட்டைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மெதுவாக நடந்துவந்து புதுக் காரின் முன்னால் நின்றார். பானெட்டைத் திறந்தோம். உள்ளே டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, வயரும் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை மூடியிருந்தது. அப்பா நடுங்கும் விரலில் சந்தனத்தை எடுத்து, "அம்மிணி, இங்க வெக்கலாமா?" என்றார்.

"இதுல எங்க வேணும்னாலும் வெக்கலாங்க மாமா. ஒண்ணும் ஆகாது."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்காம சொல்லாத சாமி. நல்லாப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

அண்ணி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். அப்பாவின் தோளிலிருந்து கம்பளியை எடுத்துப் பானெட்டின்மேல் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருவருமாக உள்ளே நுழைந்தார்கள். நான் எஞ்சினை ஓடவிட்டுக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தேன். கம்பளிக்குக் கீழே நாலு கால்கள் தெரிந்தன.

"ஒண்ணுமே தெரியலயே அம்மிணி" என்று அப்பாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"ஒண்ணுந் தெரியலன்னா நல்லதுங்க மாமா."

"அப்ப வெக்கலாமா?"

"வெய்யுங்க."